தேசப்படத்தில் இல்லாத ஊர்

பாலிபெக் என்னும் ஊரைப் பார்த்துவிட்டு வரவேண்டுமென்று நேயர்களில் யாருக்கேனும் ஆசை உண்டானால், அதற்கு டிக்கெட் வாங்குவது கொஞ்சம் சிரமமான காரியம். அயர்லாந்து தேசத்தில் அந்தப் பெயருடைய சின்னஞ்சிறு இடங்கள் சில உண்டு என்பது வாஸ்தவந்தான். ஆனால் நாம் சொல்கிற பாலிபெக் அவற்றில் ஒன்று அல்ல. நாம் சொல்கிற ஊரில் ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடமும், சற்றே குடிப் பழக்கமுள்ள ஓர் உபாத்தியாயரும் இருக்கிறார்கள். தேயிலையிலிருந்து ஆணி வரையில் சகல சாமான்களும் விற்கும் ஒரு கடையும், அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு சமையலறையும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், அந்த ஊர் தேசப்படத்தில் மட்டும் இல்லை! அது பிரையன் பிரீல் என்னும் நாடகாசிரியரின் மனத்தில் பிறந்து, நாடக அரங்குகளில் குடியேறிய ஊர்.

ஐரிஷ் பாஷையில் 'பாலெ' என்றால் ஊர். 'பெக்' என்றால் சிறியது. ஆகவே, பாலிபெக் என்பதைத் தமிழில் சொன்னால் 'சிற்றூர்' என்றே ஆகும். நம் சித்தூரின் பெயரும் சிற்றூர் என்பதிலிருந்து வந்ததுதான் என்பார்கள். சிற்றூரில் பிறந்து, சிற்றூரிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு, இந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு சொந்தம் உண்டாகிவிட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் கடல் கடந்து அந்த ஊரைத் தேடிக்கொண்டு போவதற்குப் பெயர் மட்டும் காரணம் அல்ல.

* * *

நமக்கு ஒரு தம்பி இருக்கிறான். நமக்குப் பத்து வயது இளையவன். டப்ளின் நகரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். 2014-ஆம் வருஷம் அவன் சீமைக்குப் புறப்பட்டபோது, காவிரிக் கரையிலுள்ள நம் ஊரில் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தார். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு கடையைச் சாத்திவிட்டு வந்தவர், சாப்பிட்டு முடித்துக் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழித்துத் தகப்பனார் தலை நிமிராமலே, "டார்ச் விளக்கு எடுத்து வைத்துக்கொண்டாயா?" என்று கேட்டார். "எடுத்து வைத்துக்கொண்டேன், அப்பா" என்றான் தம்பி. அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் அவன் போய்விட்டான்.

2021-ஆம் வருஷம் மே மாதத்தில் தகப்பனார் காலமானார். ஆகாய விமானங்கள் ஒழுங்காக ஓடாத காலம் அது. டெலிபோனில் தெரிந்த சிறிய படத்தில்தான் தம்பி எல்லாவற்றையும் பார்த்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அடுத்த வருஷம் அவனிடமிருந்து ஒரு புத்தகம் தபாலில் வந்தது. கூடவே நாலு வரிக் கடிதம்: "அண்ணா, ஆபீஸ் நண்பர்கள் ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீங்கள் முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, முடிவில் என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்."

அந்தப் புத்தகந்தான் 'பிலடெல்பியாவே, இதோ வருகிறேன்!' என்னும் நாடகம். 1964-ஆம் வருஷம் டப்ளின் நாடக விழாவில் அரங்கேறி, 1966-ல் நியூயார்க் நகரத்துக்கும் போய், பிரீலின் பெயரை உலகம் அறியச் செய்தது. பாலிபெக்கில் கடை வைத்திருக்கும் ஓர் ஐரிஷ்காரர். அவருடைய ஒரே மகன் கார். விடிந்தால் மகன் அமெரிக்காவுக்குப் போகிறான். கதை முழுவதும் அந்த ஓர் இரவில் நடந்து முடிந்துவிடுகிறது. அதில் ஒரு புதுமை என்னவென்றால், காராக இரண்டு நடிகர்கள் நடிக்கிறார்கள். ஒருவன் ஊரார் கண்ணுக்குத் தெரியும் கார். மற்றவன் அவனுடைய மனம். மனமாக வருகிறவன் பாடுகிறான், கூத்தாடுகிறான், தகப்பனாரைக் கேலி செய்கிறான், "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசு!" என்று அவரிடம் உள்ளூர மன்றாடுகிறான். வெளியே தெரிகிறவனோ, தேநீரைக் குடித்துவிட்டு, கடைக்கு வந்த சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறான்.

கடைசியில், நடு ராத்திரிக்குமேல், தகப்பனாரும் மகனும் தனியாக இருக்கும் சமயத்தில் கார் துணிந்து ஒரு கேள்வி கேட்கிறான். சிறு வயதில் தங்கள் இருவரையும் சுமந்துகொண்டு ஏரியில் மிதந்த ஒரு நீலப் படகு அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. தகப்பனாருக்கு ஞாபகம் இல்லை. அவன் எழுந்து போய்விட்டபின், அவர் வீட்டு வேலைக்காரக் கிழவியிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பையன் மாலுமிச் சட்டை போட்டுக்கொண்டு, தம் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. அவளோ, அந்தப் பிள்ளைக்கு மாலுமிச் சட்டையே இருந்ததில்லை என்கிறாள். இருவருடைய நெஞ்சிலும் அன்பு இருக்கிறது. அதற்குச் சாட்சியாக ஒரு ஞாபகமும் இருக்கிறது. ஆனால் இந்த ஞாபகம் அவருக்கு இல்லை. அந்த ஞாபகம் இவனுக்குச் சொல்லப்படவே இல்லை.

முடிவை எழுதச் சொன்ன தம்பிக்கு நாம் பதில் எழுதவில்லை. 2024-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் நேரிலேயே போய்ச் சேர்ந்தோம்.

* * *

பிரீலும் ஒரு வகையில் நம்மைச் சேர்ந்தவர். அதாவது, உபாத்தியாயர். 1929-ஆம் வருஷம் ஜனவரி மாதம் டைரோன் ஜில்லாவில் ஓமா என்னும் பட்டணத்தின் அருகே பிறந்தார். (பாரதியார் தம் குருவாகப் போற்றிய நிவேதிதா தேவி 1867-ல் பிறந்ததும் இதே டைரோன் ஜில்லாவிலேதான், டங்கானன் என்னும் ஊரில்.) தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். தாயார் டானிகால் ஜில்லாவில் கிளென்டீஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். பிரீல் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான், 1921-ல், அயர்லாந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகப்பனாரின் ஊர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் நின்றது. தாயாரின் ஊர் இந்தப் பக்கம் சுதந்திர நாட்டைச் சேர்ந்தது. பள்ளி நாட்கள் அங்கே, விடுமுறை நாட்கள் இங்கே என்று குழந்தைப் பருவம் கழிந்தது.

1939-ல் குடும்பம் டெர்ரி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பாதிரியாராவதற்காக மேனூத் கல்லூரியில் சேர்ந்தவர், பட்டம் மட்டும் பெற்றுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பிறகு 1950 முதல் 1960 வரையில் பத்து வருஷ காலம் டெர்ரியில் கணக்கு வாத்தியார் வேலை. பகலில் பின்னமும் வட்டியும் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒழிந்த நேரத்தில் கதை எழுதினார். அமெரிக்காவில் 'நியூயார்க்கர்' பத்திரிகை அவருடைய கதைகளை வெளியிட்டுச் சன்மானம் கொடுக்க ஆரம்பித்ததும், குடும்பஸ்தராக இருந்தும் தைரியமாக வேலையை ராஜிநாமாச் செய்தார். 1963-ல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய், டைரோன் கத்ரி என்னும் பெரிய நாடக டைரக்டர் ஒத்திகை நடத்துவதைப் பின் வரிசையில் உட்கார்ந்து சில மாதங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து எழுதியதுதான் 'பிலடெல்பியா.'

அதற்குப் பிறகு பாலிபெக்கை அவர் விடவில்லை. வேறு இடங்களில் நடக்கும் நாடகங்களும் எழுதினார். ஆனால் மறுபடி மறுபடி அந்தச் சிற்றூருக்கே திரும்பி வந்தார். ஒரு நாடகத்தில் அங்கே பழைய மாளிகை ஒன்று சரிந்து விழுகிறது. இன்னொன்றில் ஐந்து சகோதரிகள் அடுப்பங்கரையில் நடனமாடுகிறார்கள். 2005-ல் வந்த 'தி ஹோம் பிளேஸ்' என்னும் நாடகமும் 1878-ஆம் வருஷத்துப் பாலிபெக்கில்தான் நடக்கிறது. ஒரே ஊரை வைத்துக்கொண்டு இவ்வளவு எழுத முடியுமா என்று கேட்கலாம். ஒரே தெருவில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

* * *

ஒரு சனிக்கிழமை காலையில் தம்பி மோட்டாரை ஓட்ட, டப்ளினிலிருந்து கிளென்டீஸுக்குப் புறப்பட்டோம். பாலிபெக்குக்கு அச்சாக இருந்தது இந்தக் கிளென்டீஸ்தான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். டானிகால் ஜில்லாவின் நிலைமை விசித்திரமானது. அயர்லாந்துத் தீவின் வடகோடி முனையே அந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. ஆனால் அது 'வட அயர்லாந்து' அல்ல! பிரிவினைக்கோடு போன போக்கில், குடியரசின் மற்றப் பகுதிகளோடு அதைச் சேர்ப்பது கடலோரமாக உள்ள ஒரு குறுகிய நிலத் துண்டுதான். கோட்டைத் தாண்டாமல் போகவேண்டுமென்றால், ஸ்லைகோ வழியாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அப்படியே போனோம். வழியில் டிரம்கிளிப் என்ற இடத்தில், ரவீந்திரரின் கீதாஞ்சலிக்கு 1912-ல் முன்னுரை எழுதிய கவி ஏட்ஸின் சமாதி இருக்கிறது. இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே சென்றோம்.

அப்புறம் மலையும் மேகமும், சதுப்பு நிலமுந்தான். சதுப்பிலிருந்து கட்டி கட்டியாக வெட்டி எடுத்த கரிமண்ணை, நம் ஊரில் வறட்டி அடுக்குவதுபோல் காய அடுக்கியிருந்தார்கள். முதுகில் சிவப்பும் நீலமுமாக அடையாளச் சாயம் பூசிய செம்மறியாடுகள் கல் சுவர்களுக்கு அப்பால் மேய்ந்தன. மழை பெய்தது; நின்றது; மறுபடி பெய்தது.

நம் கவனத்தைக் கவர்ந்தவை சாலையோரத்துப் பெயர்ப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் மேலே ஐரிஷ் பெயர் சாய்ந்த எழுத்தில்; கீழே இங்கிலீஷ் பெயர் பெரிய எழுத்தில். "மேலே இருப்பதற்கு அர்த்தம் உண்டு, அண்ணா. கீழே இருப்பதற்குச் சத்தம் மட்டுந்தான் உண்டு" என்றான் தம்பி. கிளென்டீஸ் என்பதே அதற்கு உதாரணம். ஐரிஷில் 'நா கிளான்டா' என்றால் 'பள்ளத்தாக்குகள்' என்று பொருள். இங்கிலீஷ்காரர் அந்தப் பன்மையின் தலைமேல் தங்கள் பன்மையையும் ஒட்டிவிட்டார்கள். 'பள்ளத்தாக்குகள்கள்' என்பது போல!

இந்தப் பெயர் மாற்றத்தை வைத்தே பிரீல் ஒரு நாடகம் எழுதியிருக்கிறார். அதுதான் 'மொழிபெயர்ப்புகள்.' 1980-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், அவரும் நடிகர் ஸ்டீபன் ரேயும் சேர்ந்து தொடங்கிய 'பீல்டு டே' நாடகக் குழுவினர், டெர்ரி நகர மண்டபத்தில் அதை அரங்கேற்றினார்கள். கதை நடப்பது 1833-ஆம் வருஷம். ஒரு மாட்டுக் கொட்டகையில் ஹியூ என்னும் கிழ உபாத்தியாயர் பாடம் நடத்துகிறார். சட்டத்தின் கொடுமையால் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஜனங்கள் வேலி மறைவிலும் கொட்டகையிலும் கல்வி பயின்ற அந்தத் திண்ணைப் பள்ளிகளில் லத்தீனும் கிரீக்கும்கூடச் சொல்லிக் கொடுத்தார்களாம். 1831-ல் இங்கிலீஷில் போதிக்கும் இலவச தேசியப் பள்ளிகள் வந்தன. திண்ணைப் பள்ளிகளின் ஆயுள் முடிந்தது. 1835-ல் மெக்காலே நம் தேசத்துக்குச் செய்த வேலை நேயர்களுக்கு ஞாபகம் வரலாம்.

அந்த ஊருக்குப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அளவுச் சங்கிலியோடு வருகிறார்கள். தேசத்தை அளந்து படம் போடவேண்டும். ஐரிஷ் பெயர்களையெல்லாம் இங்கிலீஷ் வாய்க்கு ஏற்றபடி மாற்றவேண்டும். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வருகிறவன் யார்? ஹியூவின் இளைய மகன் ஓவன், டப்ளினிலிருந்து வருகிறான். மூத்தவன் மேனஸ் உள்ளூரிலேயே தகப்பனாரின் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத உதவி உபாத்தியாயர்! இந்த இடம் வந்ததும் தம்பி நம்மைப் பார்த்தான். நாம் ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்தோம்.

நாடகத்தின் ஆரம்பத்தில், பேச்சு வராத ஸாரா என்னும் பெண்ணுக்குத் தன் பெயரைச் சொல்லக் கற்றுக் கொடுக்கிறான் மேனஸ். மிகுந்த பிரயாசையுடன் அவள் சொல்லிவிடுகிறாள். முடிவில், ஊர் வீடுகளை இடித்துத் தள்ளுவதாக மிரட்டும் பட்டாள அதிகாரி அவளை அதட்டி, "உன் பெயர் என்ன?" என்று கேட்கும்போது, பாவம், அவளுக்கு வாய் அடைத்துப் போகிறது. ஒரு தேசத்தின் கதையை இந்த ஒரு பெண்ணின் நாவில் வைத்துவிட்டார் பிரீல்.

சரித்திர ஆசிரியர்கள் இந்த நாடகத்தில் குறை கண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நில அளவைப் பட்டாளத்தார் ஜனங்களை அப்படித் துப்பாக்கி முனையில் மிரட்டவில்லை என்றார்கள். ஜான் ஓ'டொனவன் என்னும் ஐரிஷ் பண்டிதர் அந்த இலாகாவிலேயே இருந்து, ஊர் ஊராகச் சென்று, பழைய பெயர்களை அக்கறையுடன் விசாரித்துக் குறித்து வைத்ததையும் எடுத்துக்காட்டினார்கள். அது நியாயந்தான். ஆனால் அந்த நாடகத்தில் எல்லா இங்கிலீஷ்காரர்களும் கொடியவர்கள் அல்ல; பழைய பெயர்களின் இனிமையில் மயங்கி, அவற்றை மாற்ற மனமில்லாமல் தவிப்பவன் ஓர் இங்கிலீஷ் வாலிபனே. கிழவர் ஹியூவும் வசை பாடிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வந்துவிட்ட புதுப் பெயர்களைக் கற்று, அவற்றிலும் குடியிருக்கப் பழகவேண்டும் என்ற முடிவுக்கே வருகிறார். எந்தப் பாஷையில் சொன்னாலும், சொல்லுகிறவனுக்கு அந்த ஊர்மேல் ஒட்டுதல் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி?

நமக்கும் இது புதிய சமாசாரம் அல்ல. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபொலி' ஆனதும், தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனதும் நாம் அறிந்தவை. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1,018 ஊர்ப் பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி உத்தரவு போட்டார்கள். சில தினங்களுக்குள் அதை வாபஸும் வாங்கிக்கொண்டார்கள். நில அளவையிலும் நமக்கு ஒரு சம்பந்தம் உண்டு. 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் துரை அளந்த ஆதாரக் கோட்டிலிருந்துதான் இந்தியாவின் பெரிய அளவை தொடங்கியது. அயர்லாந்தின் ஆதாரக் கோடு 1827, 1828-ஆம் வருஷங்களில் பாயில் என்னும் கடற்கழியின் கரையில் அளக்கப்பட்டது. அதற்காகக் கோல்பி என்பவர் கண்டுபிடித்த அளவுக் கம்பிகளின் மாதிரியையே எவரெஸ்ட் துரை 1830-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். ஒரே மாதிரிக் கம்பி இரண்டு தேசங்களையும் அளந்திருக்கிறது! அதே பாயில் கழியின் கரையில், கிரீன்காஸில் என்ற ஊரில், பிரீல் தம் கடைசிக் காலம் வரையில் வாழ்ந்தார் என்பது ஒரு பொருத்தம்.

* * *

கிளென்டீஸ் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். அகலமான ஒரு கடைத்தெரு, வெள்ளையும் மஞ்சளுமாகப் பூசிய வீடுகள், ஜன்னல்தோறும் பூத்தொட்டிகள். 1958-ல் அயர்லாந்தில் முதன்முதலாக நடந்த துப்புரவு ஊர்ப் போட்டியில் வென்ற ஊர் என்பதைத் தெருவே சொல்லிற்று. 1895-ல் இங்கே ரயில் வந்தது. 1947-ல் பிரயாணிகள் வண்டி நின்று போயிற்று. ரயில் வந்த ஊரில் உண்டாகும் நம்பிக்கையும், ரயில் நின்ற ஊரில் உண்டாகும் மௌனமும் சிற்றூர்வாசிகளுக்கே தெரியும்.

பிரீலின் தாயார் பிறந்த வீட்டைத் தெருவிலிருந்தே பார்த்தோம். சாதாரண வீடு. 1990-ல் டப்ளின் 'ஆபி' அரங்கில் முதலில் நடிக்கப்பட்டு, நியூயார்க்கில் 1992-ஆம் வருஷத்துக்குரிய சிறந்த நாடகத்துக்கான 'டோனி' பரிசும் பெற்ற 'லூனஸா விழாவில் நடனம்' இந்த வீட்டின் ஞாபகத்திலிருந்து பிறந்தது. 1936-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். கல்யாணமாகாத ஐந்து சகோதரிகள். வீட்டுக்குப் புதிதாக ஒரு ரேடியோப் பெட்டி வருகிறது. அது நினைத்தால் பாடும், நினைத்தால் நின்றுவிடும். ஒரு நாள் அதில் வந்த வாத்திய இசையைக் கேட்டதும், மாவு பிசைந்துகொண்டிருந்த கையோடு ஒருத்தி ஆட ஆரம்பிக்கிறாள்; ஒருத்தி பின் ஒருத்தியாக ஐவரும் ஆடுகிறார்கள். சபையோர் அதைப் பார்த்து ஆனந்தப்படும்போதே கதை சொல்லுகிறவன் பின்னால் நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறான். கையால் கையுறை பின்னிப் பிழைத்த இரண்டு சகோதரிகளுக்கு, தொழிற்சாலை வந்ததால் பிழைப்புப் போய்விடுகிறது. லண்டனுக்குப் போய், திக்கற்றவர்களாகவே அங்கே மாண்டு போகிறார்கள். அந்த நாடகத்தைக் கிளென்டீஸ் பெண்கள் ஐவரின் நினைவுக்கே பிரீல் காணிக்கையாக்கினார்.

கடைத்தெருவில் ஒரு சிறிய கடையில் தேநீர் சாப்பிட்டோம். கடைக்கார அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் தேசம் எது என்று விசாரித்துவிட்டு, "என் பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் கூப்பிடுவார்கள்" என்றாள்.

"என்ன பேசுவார்கள்?" என்று கேட்டோம்.

"இங்கே மழையா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். வேறு என்ன பேசுகிறது?" என்று சொல்லிச் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

பிரீல் 2015-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆந் தேதி தமது எண்பத்தாறாவது வயதில் காலமானார். அவரைக் கிளென்டீஸ் மண்ணிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். உலகமெல்லாம் புகழ்ந்த மனிதர், பேட்டி என்றாலே ஒதுங்கிப் போகும் சுபாவமுள்ளவர், கடைசியில் தாயாரின் ஊருக்குச் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டார். மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரவு எட்டு மணிக்கும் பட்டப் பகல்போல வெளிச்சம் இருந்தது. மழை விட்டிருந்தது.

அங்கிருந்து நடந்து வருகையில் தம்பிக்கு ஒரு விஷயம் சொன்னோம். 1972-ல் பிரீல் தம்மைப் பற்றிச் செய்த வானொலிப் பேச்சு ஒன்றில் ஒரு ஞாபகத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒன்பது வயதில், இதே கிளென்டீஸில், தகப்பனாருடன் ஏரியிலிருந்து தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மழையில் நனைந்து, இருவரும் பாடிக்கொண்டே சேற்றுச் சாலையில் வீடு திரும்புகிறார்கள். அவ்வளவு சந்தோஷமான ஞாபகம். ஆனால் பெரியவரான பின் யோசித்துப் பார்த்தால், அந்தச் சாலையில் ஏரியே கிடையாது! ஆகவே, அந்தச் சம்பவம் அப்படி நடந்திருக்க முடியாது. ஆனாலும் மனம் எதையோ எதனோடோ சேர்த்துப் புனைந்துகொண்ட அந்த ஞாபகத்தில் ஓர் உண்மை இருக்கத்தான் இருக்கிறது என்று அவர் கருதினார். 'பிலடெல்பியா'வின் நீலப் படகு எந்தத் தண்ணீரில் மிதந்தது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

தம்பி சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அண்ணா, கடைசி நாட்களில் அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான்.

மூன்று வருஷமாகக் கேட்காத கேள்வி.

சொன்னார். படுக்கையில் கிடந்தபடி பல தடவை சொன்னார். "சின்னவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவான். அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, புளியைத் தராசில் வைத்து வைத்து நிறுப்பான். கடை சாத்துகிற வரையில் நகரமாட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது அருகிலிருந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தவர்கள் நாம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து புளி நிறுத்ததும் நாம்தான். தம்பி சிறு வயதில் கடைப் பக்கமே வரமாட்டான். அவனுக்கு எப்பொழுதும் ஆற்றங்கரைதான். பெரியவனுடைய பிள்ளைப் பிராயத்தைத் தூக்கி, தூர தேசத்திலிருக்கும் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டார் தகப்பனார். அந்த நிமிஷத்தில் நமக்கு நெஞ்சு வலித்தது என்பதை மறைப்பானேன்? ஆனால், "ஆமாம், அப்பா" என்றுதான் சொன்னோம்.

இருபத்துமூன்று வருஷமாகச் சிவப்பு மசியால் பிறர் தப்பைத் திருத்திக்கொண்டிருக்கும் உத்தியோகம் நம்முடையது. ஆயினும் அன்று தகப்பனார் சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல், தம்பிக்குச் சொன்னோம்.

அவன் நின்றுவிட்டான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "ஆமாம், அண்ணா. எனக்குக்கூட ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோணி மூட்டை வாசனை… தராசுத் தட்டு சில்லென்று இருக்கும்" என்றான்.

"ஆமாம், சில்லென்றுதான் இருக்கும்" என்றோம்.

இதை அவன் படிக்க நேரலாம். நேர்ந்தால் நேரட்டும். பிரீலின் ஊருக்கு வழி காட்டியவன் அவன்தானே; அவனுக்குப் புரியாமல் போகாது. அன்றிரவு திரும்பி வரும்போது மோட்டார் விளக்கின் வெளிச்சத்தில் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர். தம்பி நெடுநேரம் கடையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நாம் கேட்டுக்கொண்டு வந்தோம்.